பாம்புக்கு அளவெடுத்த அக்கா

நாமக்கல்லில் நான் கண்ணாடி, அலுமினியக் கடை வைத்திருந்த காலத்தில் அந்த அக்கா என்னிடம் கொடுத்த வேலைகளில் ஒன்றுகூட முதல் அளவோடு முடிந்ததில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்து என்ன கொண்டுவருவார் என்று எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டேன். அப்படி ஒரு காலையில் வந்தவர், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, ஒரு பாம்புக்குப் பொட்டி செய்யோணும். எத்தன அடி இருந்தா அதுக்குச் சவுரியமா இருக்கும்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்த வாயை எப்படி மூடுவது என்று தெரியாமல், "எந்தப் பாம்புங்க்கா?" என்று கேட்டு வைத்தேன்.

"ஊட்ல வளக்கறதுங்க. என்ற பொண்ணோடது."

அவருக்கு மோகனூர் போகும் சாலையில் கோழிப்பண்ணை. கணவர் போன பிறகு தனியாகவே நடத்தினார். ஐம்பதைத் தாண்டியவர். நல்ல உயரம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரப்பர் செருப்போடு பண்ணையிலிருந்து நேராகக் கடைக்கு வந்துவிடுவார். கைப்பையில் செல்போன் இருக்கிறதோ இல்லையோ, ஒரு சாக்பீஸ் துண்டு இருக்கும். என் டேப்பின் மேல் அவருக்கு நம்பிக்கையே கிடையாது. "டேப்பு நீளஞ் சொல்லும் தம்பி. உள்ள இருக்க முடியுமான்னு சொல்லாது. அதுக்கு நாமதான் உள்ள போயிப் பாக்கோணும்" என்பார்.

அவர் எதையும் அப்படித்தான் பார்த்தார். பண்ணை ஆபீசில் ஒரு கண்ணாடித் தடுப்புப் போடக் கூப்பிட்டபோதுதான் எனக்கு முதலில் தெரிந்தது. நான் டேப்பை நீட்டுவதற்குள் தரையில் கோடு கிழித்து, கோட்டுக்குள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இல்லாத மேசையில் இல்லாத பேனாவை வைத்து எழுதினார். யாரோ முட்டை வியாபாரியிடம் போனில் சண்டை போட்டார். பிறகு கைகளை விரித்துச் சோம்பல் முறித்தார். "முறிச்சாக் கை இடிக்குது. அரையடி தள்ளிப் போடுங்க" என்றார். அவர் போனில் சொன்ன அளவுக்குச் சாமானை எல்லாம் முன்பே வெட்டிக் கொண்டு போயிருந்தேன். திரும்ப வெட்ட வேண்டியதாயிற்று.

இன்னொரு தடவை, நாய்க்கு ஒரு இரும்புக் கூண்டு செய்து வாங்கியிருந்தார். அதன் மேல் பக்கத்துக்குத் தகடு போட நான் போனேன். போனால் கூண்டுக்கு வெளியே நாய் நிற்கிறது, உள்ளே அக்கா இருக்கிறார். நான்கு காலில் போனவருக்குத் திரும்பி வர முடியவில்லை. பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்து, முட்டியிலிருந்த துருவைத் தட்டிவிட்டார். "போறது செரி தம்பி, திரும்பறதுக்கு எடமில்ல. நாயி என்ன லாரியா, ரிவர்ஸ் போட்டு வர்றதுக்கு?" என்றார். லாரிக்காரர்கள் ஊர். அவர் சொன்னதை நான் டீக்கடையில் சொல்ல, அது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டது. நாய் கடைசி வரை அந்தக் கூண்டை மதிக்கவில்லை, வாசலில்தான் படுத்துக் கிடந்தது.

ஆனால் ஊரே சொல்லிச் சிரித்த கதை வேறு. அவருடைய ஒரே மகளுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் மாப்பிள்ளை பார்த்தார்கள். பெரிய வீடு, கூட்டுக் குடும்பம். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன இடத்தில் மற்றவர்கள் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இவர் மாடியேறி, பெண்ணுக்குக் கொடுக்கப்போகிற அறை எதுவென்று கேட்டு, அந்தக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துவிட்டாராம். சம்பந்தியம்மா வந்து நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, "காத்து நல்லா வருதுங்க. காலு நீட்ட எடமிருக்குது. எங்களுக்குச் சம்மதம்" என்று சொல்லிக் கீழே இறங்கினாராம். நான் இதை அவரிடமே கேட்டிருக்கிறேன். வெட்கமே படவில்லை. "புள்ள போயி இருக்கற எடம். பாக்காம எப்பிடிங்க தம்பி?" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் பெண் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலையில் இருந்தது. அங்கேதான் பாம்பு வளர்த்தது. நம் ஊர்ப் பாம்பு இல்லை, ஆப்பிரிக்கா தேசத்துச் சின்ன மலைப்பாம்பு. விஷம் கிடையாது. வனத்துறையில் பதிவு செய்து சான்றெல்லாம் வாங்கி வைத்திருந்தது. பயந்தால் தலையை நடுவில் வைத்துச் சுருண்டு உருண்டையாகிவிடும் என்பதால் அதற்கு லட்டு என்று பெயர். மாப்பிள்ளை வீட்டில் கட்டிலுக்கு இடமிருந்தது, காற்று வந்தது, பாம்புக்கு மட்டும் இடமில்லை. ஆகவே லட்டு, அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

"உங்களுக்குப் பயமில்லீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. மொத நாளு பக்கத்துலயே போவல. இப்பப் போச்சு." ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார். "கண்ணாலத்துக்கப்பறம் என்ற புள்ள எங்கூடப் பேசறதே கொறஞ்சு போச்சுங்க தம்பி. என்ன கோவம்னு சொல்றதுமில்ல. ஆனாப் பொழுதோட லட்டப் பாக்கோணும்னு வீடியோவுல கூப்புடுவா. அதப் பாத்துட்டுப் போன வெக்கறப்ப ரெண்டு வார்த்த எனக்கும் உழுகும். அது நல்லாருக்கோணும். அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் போனும் நின்னு போயிரும்."

இதைக் கேட்ட பிறகு நான் சிரிக்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே பண்ணைக்குப் போனேன்.

மகள் பாம்பைக் கொடுத்தது ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். பக்கவாட்டில் காற்றுக்குத் துளை, உள்ளே தண்ணீர்த் தட்டு, குப்புறக் கவிழ்த்த பழைய கிண்ணம் ஒன்று, அவ்வளவுதான். அக்காவுக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. "சோத்து டப்பாவுல போட்டு வெச்ச மாதிரி வெச்சிருக்குது பாருங்க, படிச்ச புள்ள" என்றார். அந்தக் கிண்ணம் எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பழசாக இருந்ததால் எடுத்து வீசிவிட்டார்.

லட்டுவை அப்போதுதான் பார்த்தேன். என் கை நீளத்தைவிடச் சற்று அதிகம் இருக்கும். கருப்பிலும் வெல்லப்பாகு நிறத்திலும் திட்டுத் திட்டாக, தடித்த உடம்பு, சின்னத் தலை. என்னைப் பார்த்ததும் உருண்டையாகிவிட்டது. இந்த உருண்டைக்கு எத்தனை அடி என்று எடுப்பது? நேராக நீட்டிப் படுத்தால் போதுமா, சுற்றிவர இடம் விட வேண்டுமா? எனக்கே ஆர்வமாகிவிட்டது. அக்கா வழக்கம்போல சாக்பீஸை எடுத்தார். வராந்தாவில் கோடு கிழித்து, கோட்டுக்குள் குப்புறப் படுத்தார். முட்டியை மடக்கி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாலடி நீளம், ரெண்டடி அகலம். அதுக்குக் கொறஞ்சா மூச்சு முட்டுது" என்று தரையிலிருந்து குரல் வந்தது.

நாலடிக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து கொடுத்தேன். மேலே கம்பிவலை, பூட்டு, ஒரு ஓரத்தில் குஞ்சுகளுக்குச் சூடு காட்டப் போடுகிற பல்பு. சொல்லக் கூடாது, அழகாக வந்திருந்தது. அன்று சாயங்காலம் போனில் மகளுக்குக் காட்டியபோது, "அம்மா, இவ்வளவு பெருசா" என்று மட்டும் சொன்னதாம். அக்கா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

லட்டு சாப்பிடவில்லை. கோயமுத்தூரிலிருந்து வரவழைத்து உறையவைத்திருந்த வெள்ளெலியை வெந்நீரில் இளக வைத்து, இடுக்கியில் பிடித்து ஆட்டினால் டப்பாவில் இருந்தவரை கவ்விக்கொள்ளுமாம். இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டது. கண்ணாடி ஓரத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது, மூக்கை முட்டியது.

இங்கேதான் அவர் கோழிக்காரராக யோசித்தார். பண்ணையில் கோழி தீனி எடுப்பது குறைந்தால் முதலில் சந்தேகப்படுவது நெருக்கடியை. ஒரு கூண்டில் அடைத்திருப்பதில் ஒன்றிரண்டைக் கலைத்து வேறு கூண்டுக்கு மாற்றுவார்கள். இடம் கிடைத்ததும் மிச்சமிருப்பவை தின்னத் தொடங்கிவிடும். "தீனி எடுக்கலன்னா எடம் பத்தலன்னு அர்த்தம். இத நான் எத்தன வருசமாப் பாக்கறேன்" என்றார். பெட்டி ஆறடி ஆயிற்று. லட்டு ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. சாப்பிடவில்லை. அப்படியானால் ஆறடியும் பத்தவில்லை என்று முடிவு செய்தார்.

கடைசியில் ஒரு அறையையே கொடுத்துவிட்டார். கோழிக் கொட்டகைக்குப் பக்கத்தில் தீவன மூட்டை போடுகிற பழைய அறை. கழுவி, வெள்ளையடித்து, டைல்ஸ் ஒட்டி, முன்பக்கம் முழுக்க, பக்கவாட்டில் இழுத்துத் திறக்கிற என் கண்ணாடிக் கதவு. கதவு மாட்டி முடித்த மத்தியானம் உள்ளே போய்ப் பாயில்லாமல் படுத்தவர், நிஜமாகவே தூங்கிவிட்டார். எழுந்து வந்தவரின் கன்னத்தில் டைல்ஸ் கோடு பதிந்திருந்தது. "நல்ல தூக்கம் தம்பி. இதுல ஒரு கொறையுமில்ல" என்றார்.

எனக்கு நாக்கு சும்மா இருக்காது. பக்கத்துக் கொட்டகையில் கோழிகள் வரிசை வரிசையாகக் கூண்டில் நின்றுகொண்டு கத்திக்கொண்டிருந்தன. இறக்கையை விரித்தால் பக்கத்துக் கோழியின் முகத்தில் இடிக்கும். "ஏனுங்க்கா, எல்லாத்துக்குள்ளயும் போயிப் பாக்கறீங்க. அதுக்குள்ள போயிப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

விளையாட்டுக்குத்தான் கேட்டேன். அவர் கொட்டகைப் பக்கம் திரும்பினார். "கைய உட்டுப் பாத்திருக்கறன்" என்றார். பிறகு, "அதுக்குள்ள போயிருந்தா இந்தப் பண்ண இருக்காதுங்க தம்பி. இதுலதான் அவளப் படிக்க வெச்சன்" என்றார். மேலே என்னைப் பேச விடாமல், மோர் கொண்டு வருகிறேன் என்று போய்விட்டார். அவரைப் பற்றி எனக்கு ஒரு மாதிரி சங்கடம் வந்தது அன்றைக்குத்தான். அவர் பொய் சொல்லாததுதான் அதிலே பெரிய சங்கடம்.

அறைக்குள் போன லட்டு கண்ணுக்குத் தெரிந்தே இளைத்தது. முதுகெலும்பு மேலே கோடு போட்ட மாதிரி தெரிந்தது. அக்கா அந்த நாட்களில் கடைக்கு அடிக்கடி வந்தார். வேலை ஒன்றும் இருக்காது. உட்கார்ந்திருப்பார். "புள்ள கேட்டா நல்லாத் திங்குதுன்னு சொல்லீட்டன்" என்றார் ஒரு நாள். போனைத் தூரமாகப் பிடித்து, பாம்பின் தலைப்பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி காட்டுகிறாராம். சொல்லிவிடுங்கள் என்றேன். "சொன்னா, அதையும் கெடுத்துட்டயான்னு கேப்பா" என்றார். அதையும் என்ற வார்த்தையை நான் கவனித்தேன். கேட்கவில்லை.

எத்தனை தூரமாகப் பிடித்தாலும் வளர்த்தவளுக்குத் தெரியாமல் போகுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதவு தண்டவாளத்தில் சிக்குகிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். நானும் அவரும் அறைக்குள் நிற்கிறோம், லட்டுவைக் காணோம். கதவு இழுபடாமல் ஒரு விரல்கடை திறந்தே கிடந்திருக்கிறது. வெளியேதான் போயிருக்கும் என்று கொட்டகை ஓரத்துத் தீவன மூட்டைகளை நகர்த்தினோம், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் பார்த்தோம். கோழிகள் மிரண்டு கத்துகின்றனவா என்று கொட்டகையில் போய்க் காது கொடுத்தோம். அந்த நேரம் பார்த்து ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தது மகள். சொல்லாமல் வந்திருந்தது. அம்மாவைப் போலவே உயரம். தோளில் ஒரு பெரிய பை.

"லட்டு எங்கம்மா?"

நான்தான் காணோம் என்றேன்.

அந்தப் பெண் கத்தவில்லை. பையை வாசலில் வைத்துவிட்டு அறைக்குள் வந்து சுற்றிப் பார்த்தது. வெறும் டைல்ஸ், வெறும் சுவர், ஒரு பல்பு. ஒரு மூலையில் என்னுடைய குஞ்சுப் பெட்டி கிடந்தது. பொரித்த கோழிக்குஞ்சுகளை அனுப்புகிற அட்டைப்பெட்டி. உள்ளே நாலு தடுப்பு, சுற்றிலும் காற்றுத் துளை. எங்கள் ஊரில் அது இல்லாத கடை கிடையாது. கண்ணாடி ஒட்டுகிற சிலிக்கான் குழாய்களை நான் அதில் போட்டு எடுத்துவருவேன். முந்தின நாள் இதே கதவைப் பார்க்க வந்தபோது மறந்து விட்டுப் போயிருந்தேன், மூடி ஒரு ஓரம் தூக்கிக் கிடந்தது. அந்தப் பெண் நேராக அதனிடம் போய்க் குனிந்து, மூடியைக் கொஞ்சமாகத் தூக்கியது. காலியாக இருந்த ஒரு தடுப்புக்குள், நாலு பக்கமும் உடம்பு முட்ட, உருண்டையாக உட்கார்ந்திருந்தது லட்டு.

"இத்துனூண்டுலயா?" என்றார் அக்கா.

"அதுக்கு இதுதாம்மா புடிக்கும். கரையான் புத்துக்குள்ள, எலி வளைக்குள்ள இருக்கற ஜாதி. நாலு பக்கமும் ஒடம்புல படோணும். அப்பத்தான் யாரும் புடிச்சுத் திங்க மாட்டாங்கன்னு அதுக்குத் தெரியும். பெரிய எடங் குடுக்கலாம், குடுத்தா உள்ள ஒளியறதுக்கு ஒரு சின்ன எடமும் வெக்கோணும். நான் கிண்ணம் வெச்சிருந்தனே, அது எங்க?"

அக்கா மெதுவாக, "நான் உள்ள படுத்துப் பாத்தன் சாமி. நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

அந்தப் பெண் பெட்டி மூடியைப் பழையபடி வைத்தது. எழுந்திருக்கவில்லை. குனிந்தபடியே சொன்னது.

"நீ எங்கியும் நீ படுத்துத்தான் பாப்பே. அந்தூட்லயும் நீதானே படுத்துப் பாத்தே. காத்து வருது, காலு நீட்ட எடமிருக்குதுன்னு. அந்த ரூமுக்கு உள்பக்கம் தாப்பாள் இல்லம்மா. எப்ப வேணும்னாலும் யாரு வேணும்னாலும் வருவாங்க. பீரோவத் தொறப்பாங்க. நான் தூங்கறனான்னு வந்து பாப்பாங்க. எவ்வளவு பெரிய ஊடு, அதுல எனக்குன்னு ஒரு மூல இல்ல. லட்டப் பாக்கோணும்னு சொன்னாத்தான் மொட்டமாடிக்குப் போனோட தனியாப் போக உட்டாங்க."

ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு நான் எங்கே போவதென்று தெரியாமல் நின்றேன். அக்கா சுவரோரம் அப்படியே உட்கார்ந்தார். "ஏஞ் சாமி எங்கிட்டச் சொல்லல?" என்றார்.

"நீதான் போயிப் பாத்துட்டு வந்துட்டயே. அதுக்கப்பறம் நான் என்ன சொல்றது?"

அன்று சாயங்காலம் அந்தப் பெண் வெள்ளெலியை இளக வைத்து, அட்டைப்பெட்டியின் துளைக்குப் பக்கத்தில் இடுக்கியோடு நீட்டியது. நான் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு படக்கென்று ஒரு சத்தம், பெட்டியே குலுங்கியது. அக்கா அழுதார். நானும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாம்பு சாப்பிட்டதற்கு யாராவது அழுவார்களா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மகள் திரும்பிப் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், பேசினார்கள் என்று கேள்வி. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஊர் தனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்துப் பேசியது. அக்கா கொஞ்ச நாள் கடைப்பக்கமே வரவில்லை.

பிறகு ஒரு நாள் வந்தார். கூடவே மகளும். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். லட்டுவுக்கு மூன்றடிப் பெட்டி, உள்ளே உடம்பு முட்டுகிற மாதிரி இரண்டு சின்ன அறைகள், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. வளர வளரப் பெட்டியை மாற்றிக்கொள்ளலாம் என்றது மகள். எல்லா அளவையும் அதுதான் சொன்னது. அக்காவின் வாய் இரண்டு தடவை திறந்து மூடியதைப் பார்த்தேன். சாக்பீஸ் கைப்பையை விட்டு வெளியே வரவில்லை.

"இன்னொரு வேலையும் இருக்குதுங்கண்ணா" என்றது அந்தப் பெண். வீட்டில் மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. பழைய சாமான் போட்டு வைத்திருந்தது. அதைத் தனக்கு எடுத்துக்கொள்கிறதாம். அங்கிருந்தே கம்பெனி வேலை பார்க்கப்போகிறதாம். அதற்கு ஒரு அலுமினியக் கதவு வேண்டும். உள்பக்கம் தாழ்ப்பாள்.

"மாடியில நல்ல ரூமெல்லாம் சும்மாக் கெடக்குது" என்று அக்கா ஆரம்பித்தார். மகள் திரும்பிப் பார்த்தது. "செரி, செரி. கதவு நல்லா கனமாப் போடுங்க தம்பி" என்று முடித்துக்கொண்டார்.

முதல் அளவிலேயே முடிந்த வேலை அது. கதவு மாட்டி, தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று உள்ளேயிருந்து போட்டுப் பார்க்கச் சொன்னேன். அந்தப் பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. திறக்கவில்லை. நான் சாமான்களை எடுத்து வைத்து, தூசியைக் கூட்டித் தள்ளி முடித்துவிட்டேன். இன்னும் திறக்கவில்லை. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

அக்கா கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவர் வீடு, அவர் கதவு. கையைத் தூக்கி, விரலை மடக்கி, மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார். அதுவரை அந்த வீட்டில் அவர் ஒரு கதவைத் தட்டி நான் பார்த்ததில்லை.

"கொஞ்ச நேரம் இரும்மா" என்றது உள்ளேயிருந்து குரல்.

"இருக்கறன் சாமி" என்று சொல்லி, அவர் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.